ராஜா உட்கார்ந்த லவுஞ்சுகள்

"பழைய கட்டடத்துல மழை ஒழுகும். ஆனா உட்கார்ந்து நனையலாம். இங்க நின்னுக்கிட்டே காயறோம்."

திறப்பு விழாவுக்கு முன்பே இயங்கத் தொடங்கிவிட்ட புன்னைநாட்டின் புதிய விமான நிலையத்தில், மூட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்ற ஓர் அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் இப்படிச் சொன்னாள். அது பின்னால் மாறுவேடத்தில் நின்ற மகரக்கோன் மகாராஜாவின் காதில் விழுந்துவிட்டது. மாறுவேடம் என்றால், கிரீடத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார். அவ்வளவுதான்.

மறுநாள் அவையில், நிலையத்தை இடித்துக் கட்டிய தன் மைத்துனர் தாண்டவராயரைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, ஜனங்கள் ஏன் நிற்கிறார்கள்?"

"பிரியப்பட்டு நிற்கிறார்கள், அத்தான். குழு போட்டு விசாரித்தோம்."

"யாரை விசாரித்தீர்கள்?"

"லவுஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை."

தாண்டவராயர் முறை தவறாதவர். எந்த விமானக் கம்பெனிக்கு எந்த லவுஞ்சு என்பதைக் குடவோலை போட்டுத்தான் முடிவு செய்தார். எல்லோர் முன்னாலும் குடத்தைக் குலுக்கினார். குடத்துக்குள் ஒவ்வொரு தடவையும் ஓர் ஓலைதான் இருந்தது என்பது வேறு விஷயம். விமானத்தின் மூக்கில் தாண்டவராயரின் படத்தை வரைந்திருந்த ராஜாளி ஏர்வேஸுக்கு வாசலை ஒட்டிய பெரிய லவுஞ்சு விழுந்தது. இறக்கையில் வரைந்திருந்த அன்னம் ஏர்வேஸுக்கு அதற்கடுத்தது. வாலில் வரைந்தவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி. கடல் தாண்டிக் கொத்து வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் தட்டான் ஏர்வேஸ் யார் படத்தையும் வரையவில்லை. அதற்கு ஒரு தூண் ஒதுக்கப்பட்டது. பயணிகள் அதைச் சுற்றி நின்றார்கள்.

அவை விகடகவி பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரித்தாயா?" என்றார் ராஜா.

"இருமினேன், மன்னா."

"அப்படியானால் மருந்து தருகிறேன். திறப்பு விழா அன்று தட்டான் பயணிகள் எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனியின் லவுஞ்சிலும் ஒரு சாண் குறையக் கூடாது. சுவரை நகர்த்தக் கூடாது. புதிதாக நாற்காலி வாங்கக் கூடாது. மாப்பிள்ளை மனம் நோகாமல் இருந்தால்தான் நான் அந்தப்புரத்துக்குள் போக முடியும். உன்னால் முடியாவிட்டால் அந்தத் தட்டானிலேயே ஏற்றி உன்னை நாடு கடத்திவிடுவேன்."

"நிற்க வைத்தா, மன்னா?"

"விமானத்துக்குள் உட்காரலாம்," என்றார் தாண்டவராயர் பெருந்தன்மையாக.

பூங்கோதைக்கு வேறு நாடு கிடையாது. தன் வீட்டுக்குப் போய் யோசித்தாள்.

புன்னைநாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ராஜா எந்த இடத்தில் உட்கார்ந்தபடி ஒரு குடியின் குறையைக் கேட்டுத் தீர்த்துவைக்கிறாரோ, அந்த இடம் அதற்குப் பிறகு அவை. அவைக்குக் கதவு சாத்தக் கூடாது. குறை சொல்ல வருகிறவர்கள் தங்கள் முறை வரும்வரை உள்ளே உட்கார்ந்திருக்கலாம். மகரக்கோனின் பாட்டனார் ஒருநாள் வெந்நீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, தரை வழுக்குகிறது என்று வேலைக்காரன் சொன்ன குறையைத் தீர்த்துவிட்டார். அரண்மனையின் நல்ல குளியலறை அன்றோடு போயிற்று. அதனால் மகரக்கோன் வெளியூர் போனால் நின்றபடியேதான் குறை கேட்பார். சீக்கிரமும் முடிந்துவிடும்.

திறப்பு விழா வந்தது. தாண்டவராயர் ராஜாவை முதலில் ராஜாளி லவுஞ்சுக்கு அழைத்துப் போனார்.

"உட்கார்ந்து பாருங்கள், அத்தான். வெண்ணெய் மாதிரி இருக்கும்."

ராஜா சோபாவில் இடுப்புவரை முழுகினார். எல்லோருக்கும் காபி வந்தது.

"மன்னா, என் காபியில் சர்க்கரையே இல்லை," என்றாள் பூங்கோதை.

"இவ்வளவுதானே? இவளுக்குச் சர்க்கரை போடுங்கள்."

போட்டார்கள். அடுத்தது அன்னம் லவுஞ்சு. ராஜா உட்கார்ந்தார்.

"ரொம்பக் குளிர்கிறது, மன்னா."

"ஏசியைக் குறையுங்கள்."

அதற்கடுத்த லவுஞ்சில் டிவி சத்தம் காதைப் பிளந்தது. ராஜா அதையும் குறைக்கச் சொன்னார். இன்னொன்றில் பூங்கோதையின் முதுகுக்குத் திண்டு போதவில்லை.

"லவுஞ்சில் உட்கார்ந்து பழக்கமில்லை, பாவம்," என்று தாண்டவராயர் சிரித்தார்.

கடைசி லவுஞ்சின் சோபாவிலும் ராஜா முழுகினார். காபியோடு வந்த முறுக்கு நமுத்துப் போயிருந்தது. ராஜா வேறு முறுக்கு வரவழைத்துவிட்டு அலுத்துக்கொண்டார்.

"குறை சொல்வதைத் தவிர உனக்கு வேறு வேலையே இல்லையா?"

"குடிமக்களுக்கு வேறென்ன வேலை, மன்னா? நீங்களும் ஒன்று விடாமல் தீர்த்துவைத்தீர்கள். ஒவ்வொரு லவுஞ்சிலும். உட்கார்ந்தபடியே."

காபியை வாய்க்குக் கொண்டுபோன ராஜாவின் கை பாதியில் நின்றது. சட்டென்று எழுந்திருக்கப் பார்த்தார். சோபா விடவில்லை.

"ஒரு சாண் குறையவில்லை. சுவர் இருந்த இடத்தில் இருக்கிறது. நாற்காலியும் வாங்கவில்லை," என்றாள் பூங்கோதை.

தாண்டவராயருக்கு அப்போதுதான் விளங்கியது. "அத்தான், முறுக்கு நமுத்ததெல்லாம் ஒரு குறையா?"

"தரை வழுக்கியதற்குத் தாத்தா குளியலறையையே கொடுத்தாரே, மாப்பிள்ளை," என்றார் ராஜா.

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சோபாவோடு சேர்ந்து குலுங்கினார். எந்த லவுஞ்சுக்குள்ளும் நுழைய உரிமை தரும் தன் தங்க அட்டையை எடுத்துப் பூங்கோதையிடம் நீட்டினார்.

"இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மன்னா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

தட்டான் பயணிகளுக்கு ஆள் போயிற்று. தூணைச் சுற்றி நின்றவர்கள் மூட்டைகளோடு வந்தார்கள். முதல் இருவர் உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக் கதவு வழுக்கிக்கொண்டு வந்து மூடியது. மற்றவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.

"கதவு சாத்துகிறதே, மாப்பிள்ளை?"

"வெளிநாட்டுக் கதவு, அத்தான். தானாகச் சாத்திக்கொள்ளும். நடுவில் யாராவது நின்றால்தான் திறந்திருக்கும்."

ராஜா அவரைப் பார்த்துக்கொண்டே மிச்சக் காபியைக் குடித்தார்.

தாண்டவராயர் பட்டு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய், கதவுக்கு நடுவில் நின்றார்.