கண்ணாடிக்கு உள்ள போன அதிகாரி

காது கேக்காத புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் பொன்னுரங்கம்னு ஒரு அதிகாரி வந்தாரு. தொப்பை முதல்ல வந்துச்சு, அவரு பின்னாடியே வந்தாரு.

"சொல்றது காதுல விழாத புள்ளைங்களுக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டரு? இங்க இருக்குற பத்தையும் வண்டியில ஏத்துங்க"ன்னாரு. டீச்சருங்க தலையாட்டிட்டு ஒதுங்கி நின்னாங்க.

பெருக்குற ஆயா செங்கமலம் மட்டும், "ஐயா, புள்ளைங்களச் சோதிச்சுப் பாத்துட்டு ஏத்துங்களேன்"னுச்சு.

"சரி. நான் இதுங்களோட கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள உக்காருறேன். நீ கண்ணாடிக் கதவ மூடிட்டு வெளிய நின்னு ஏதாச்சும் சொல்லு. அத இதுங்க டைப் அடிச்சிட்டா ஒண்ணையும் தொடமாட்டேன்."

அது ஏசி ரூமு. கதவ மூடுனா இடி விழுந்தாலும் உள்ள கேக்காது. அந்தத் தைரியம் அவருக்கு.

செங்கமலம் வெளக்கமாத்தச் சுவத்துல சாத்திட்டு, ரெண்டு கையாலயும் சைகையில பேசுச்சு. புள்ளைங்க கண்ணாடியப் பாத்துப் பாத்து டைப் அடிச்சிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுதுங்க.

பொன்னுரங்கம் கண்ணாடிகிட்ட ஓடி, காதுல கைய வச்சு, "என்ன சொன்ன? ஒண்ணுமே கேக்கலியே!"ன்னு கத்துனாரு.

தேன்மொழிங்குற பொண்ணு அவரு சட்டையப் புடிச்சு இழுத்துக் கம்ப்யூட்டரக் காட்டுச்சு. பத்துத் திரையிலயும் ஒரே வரிதான்:

"ஐயாவுக்கு உள்ள காது கேக்காது. பாவம், எழுதிக் காட்டுங்க."

வண்டி காலியாத்தான் திரும்பிப் போச்சு.