ஒரு பிளாக்கும் விடாமல்

“எனக்கு அலுத்துப் போச்சு மேடம்,” என்றார் தேவசகாயம்.

மெஹருன்னிசா தலை நிமிரவில்லை. அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் கணினி அறை அவள் பொறுப்பு. அவளுக்கு முப்பத்தெட்டு வயது, அவருக்கு ஐம்பத்தைந்து. ஆனாலும் பேக்கப் வேலையில் அவருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

“பதினோரு வருசம். தினமும் காலையில வந்து திரையில பச்சை டிக் விழுந்திருக்கான்னு பார்க்கணும். நோட்டுல கையெழுத்துப் போடணும். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கூட அந்த பேக்கப்பைக் கேட்டதில்லை. என்னைப் பழையபடி டோக்கன் கவுன்டருக்கே மாத்திருங்க. அங்கயாவது மனுசங்க முகத்தைப் பார்க்கலாம்.”

மாற்றல் மனுவை மேசையில் வைத்தார்.

“எதை பேக்கப் எடுக்குறீங்க அண்ணே?”

“ஸ்கேன் டிஸ்க்கைத்தான்.”

“அதுக்குள்ள என்ன இருக்கு?”

தெரியாதது போலக் கேட்கிறாளே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஸ்கேன் சாஃப்ட்வேர் படங்களைத் தனக்கு மட்டுமே புரிகிற முறையில் டிஸ்க்கில் எழுதி வைக்கும். பேக்கப் சாஃப்ட்வேருக்கு அதில் எது யார் படம் என்று தெரியாது. டிஸ்க்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பிளாக்குகளாகப் பிரித்து, முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுத்துவிடும். இதை அவருக்குச் சொல்லித் தந்ததே அவள்தானே.

“உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரிய வேண்டியதில்லை மேடம். ஒரு பிளாக் விடாம எடுத்துரும்.”

“சரி, அதுக்குத் தெரிய வேண்டாம்.”

“முந்தி மூணு மணி நேரம் பிடிக்கும். பங்குனியில சர்வர்ல இன்னொரு டிஸ்க் மாட்டினோமே, அதுலருந்து நாப்பதே நிமிசம். அவ்வளவு நல்லா ஓடுது. இதுக்கு நான் எதுக்கு?”

மெஹருன்னிசாவின் பேனா நின்றது.

“நாளைக்கு அந்த பேக்கப்லருந்து எனக்கு ஒரு ஸ்கேன் படம் கொண்டுவாங்க.”

“ஒரு படத்தை மட்டும் உருவ முடியாதே! மொத்தத்தையும் இன்னொரு டிஸ்க்குல இறக்கணும். பகல் பூராவும் போயிரும்.”

“போகட்டும்.”

“யாரோட படம்?”

“யாரோடது தொலைஞ்சா உங்களால தாங்க முடியாதோ, அவங்களோடது.”

அவர் எழுந்து வந்துவிட்டார். அவர் மனைவி லில்லி புஷ்பத்துக்கு வைகாசியில் அங்கேதான் ஆபரேஷன் நடந்தது. அப்போது எடுத்த ஸ்கேனையும் அடுத்த வாரம் எடுக்கப்போவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் மருந்து கேட்கிறதா என்று டாக்டர் சொல்வார். வீட்டுக் கவலையை எதற்கு ஆபீசுக்குள் இழுக்கிறாள் என்று தேவசகாயத்துக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலையில் உட்கார்ந்து, பேக்கப்பை ஒரு காலி டிஸ்க்கில் இறக்கினார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பரவாயில்லை, சீக்கிரம் தொலைந்தது என்று ஸ்கேன் சாஃப்ட்வேர் இருந்த உதிரிக் கணினி ஒன்றில் அதை மாட்டி, லில்லியின் நம்பரைத் தட்டினார்.

படம் இல்லை.

வேறு நம்பர்களைத் தட்டினார். யார் படமும் இல்லை. முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை வெறும் பூஜ்யம்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பங்குனியில் புது டிஸ்க்கை மாட்டி சர்வரை மறுபடி கிளப்பியபோது, இரண்டு டிஸ்க்குகளுக்கும் சர்வர் தானாகக் கொடுக்கும் பெயர்கள் இடம் மாறிவிட்டிருந்தன. இரண்டும் ஒரே அளவு. ஸ்கேன் சாஃப்ட்வேர் தன் டிஸ்க்கை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டது. பேக்கப் சாஃப்ட்வேரோ பழைய பெயரையே நம்பிப் போய், ஒன்றுமே இல்லாத புது டிஸ்க்கை ஐந்து மாதமாகப் பயபக்தியோடு நகல் எடுத்திருக்கிறது. ஒன்றுமில்லாததைச் சுருட்டி வைக்க நாற்பது நிமிடமே அதிகம்.

அவர் மெஹருன்னிசாவிடம் ஓடினார்.

“காலி டிஸ்க் மேடம். அஞ்சு மாசமா காலி டிஸ்க்கை எடுத்துக்கிட்டு இருந்திருக்கோம்.”

“தப்பு ஏதாவது காட்டுச்சா?”

“ஒண்ணுகூட இல்லை.”

“பிளாக் ஏதாவது விட்டுருக்கா?”

“ஒரு பிளாக்கும் விடலை மேடம்.”

அவள் தன் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் முகத்திலும் களைப்புதான் இருந்தது.

“அந்த நோட்டுல மாசாமாசம் நானும்தான் கையெழுத்துப் போட்டேன் அண்ணே. அசல் டிஸ்க்?”

“ஓடிக்கிட்டிருக்கு. அதுக்கு மட்டும் ஏதாவது ஆகியிருந்தா...”

“ஆகலை. போங்க.”

அவர் போனார். பெயரை நம்பாமல், டிஸ்க்கின் வரிசை எண்ணைக் கொடுத்து பேக்கப்பை மறுபடி ஓடவிட்டார். மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த மூன்று மணி நேரமும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எடுத்ததை மறுநாள் பகல் முழுக்க இன்னொரு டிஸ்க்கில் இறக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை மெஹருன்னிசாவின் அறைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. அவள் மாற்றல் மனுவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

“பச்சை விழுந்துச்சா அண்ணே?”

“அதைப் பார்க்கலை மேடம்,” என்றார் தேவசகாயம். “லில்லியைப் பார்த்தேன்.”