துண்டுச் சீட்டில் வந்த அரிசி

பாத்திரக்கடை தெய்வசிகாமணிக்கு வயது அறுபத்திரண்டு. அவர் குருவாக வரித்துக்கொண்ட உலகம்மைக்கு நாற்பதுதான். ஏழு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் அவருடைய மடத்துக்குப் போய் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, எனக்கு எப்போ தீட்சை?”

உலகம்மை சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இந்த வியாழக்கிழமை சிரிக்கவில்லை.

“நாளைக்கு உங்க கடையில வந்து உக்காருதேன். பாத்துட்டுச் சொல்லுதேன்.”

தெய்வசிகாமணிக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததும் கடையைக் கழுவிவிட்டார். குத்துவிளக்குகளைத் தன் கையாலேயே புளி போட்டுத் தேய்த்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டார். எடையில் ஒரு கிராம் குறைத்தவரில்லை அவர். இன்றைக்குத் தீட்சை கிடைத்த மாதிரிதான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

முதலில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வந்து இரண்டு அண்டா வாங்கினார். பில் கேட்டார். தெய்வசிகாமணி நிறுத்து, விலை போட்டு, வரியைச் சேர்த்து, கம்ப்யூட்டரில் பில் அடித்துக் கொடுத்தார்.

அடுத்து வந்தவர் இசக்கியம்மாள். மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்திருந்தார். குடம், தவலை, சருவச்சட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து, தட்டிப் பார்த்து, இரண்டைத் திரும்ப வைத்துவிட்டார்.

“கொஞ்சம் கொறச்சுப் போடுங்க அண்ணாச்சி. பீடி சுத்திச் சேத்த காசு.”

“வெலையில எனக்கு நிக்கிறதே கொஞ்சம். மிச்சமெல்லாம் வரி. அரசாங்கத்துக்குப் போறதை நான் எப்படித் தாயி கொறைக்க முடியும்?”

தெய்வசிகாமணி ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிக் காட்டிய தொகையை இசக்கியம்மாள் அப்படியே கொடுத்துவிட்டு, பாத்திரங்களில் மகள் பெயரை வெட்டிக்கொள்ள, வாசலில் உளியோடு உட்கார்ந்திருந்தவரிடம் போனார்.

உலகம்மை கேட்டார்: “டீச்சருக்குக் கம்ப்யூட்டர்ல அடிச்சீங்க. இவங்களுக்கு ஏன் துண்டுச் சீட்டு?”

“கேக்கிறவங்களுக்குத்தான் பில்லு. கடைத்தெரு பூரா அப்படித்தாம்மா.”

“சீட்டுலயும் வரின்னு எழுதித்தான வாங்கினீங்க? அது அரசாங்கத்துக்குப் போகுமா?”

“போகாது.” தெய்வசிகாமணி குரலைத் தாழ்த்தினார். பெருமையை ஒளிக்கத் தெரியவில்லை அவருக்கு. “ஆனா அதுல நான் ஒத்தக் காசு தொட்டதில்லம்மா. தனி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். மடத்துக்கு மாசாமாசம் அரிசி வருதே, எல்லாம் அந்தக் காசுதான்.”

பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார். உலகம்மையின் முகத்தில் ரத்தம் சுண்டிப் போயிருந்தது.

நாற்காலியை விட்டு எழுந்தார். படியிறங்கினார். பெயர் வெட்டுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் காலில், தெருவே பார்க்க, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

உளிச் சத்தம் நின்றது. எதிர்க்கடைக்காரர் தராசை விட்டுவிட்டு ஓடிவந்தார். தெய்வசிகாமணி தெய்வமாக நினைத்தவர் புழுதியில் கிடக்கிறார்!

இசக்கியம்மாள் பதறிப்போய்ப் பின்னால் துள்ளினார். “ஐயையோ! மடத்து அம்மா நீங்க எங் கால்ல விழலாமா? எனக்கில்ல பாவம் சேரும்!”

“உங்களை மாதிரி எத்தனையோ பேரு சோத்தை ஏழு வருசமாக் கேக்காமத் தின்னுருக்கேன் தாயி. மன்னிச்சிருங்க.”

“எங்க வீட்டுக்கு நீங்க வந்ததே இல்லியே!”

உலகம்மை எழுந்து தெய்வசிகாமணியைத் திரும்பிப் பார்த்தார். “இவங்களுக்குப் பில் அடிங்க.”

அடித்தார். மூன்று தடவை தப்பாகி, நான்காவது தடவைதான் சரியாக வந்தது. இசக்கியம்மாள் ஒன்றும் விளங்காமல் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு போனார்.

தெய்வசிகாமணிக்கு அழுகை வந்துவிட்டது.

“தப்பு பண்ணினது நான். நீங்க எதுக்கும்மா விழுதீங்க? வாங்கின வரியை எல்லாம் கட்டிருதேன். ஆனா கொடுத்தவங்க யாரு, எந்த ஊருன்னே தெரியாதே. ஒரு முகங்கூட ஞாபகமில்ல. யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்க?”

உலகம்மை நெற்றியில் ஒட்டியிருந்த புழுதியைத் துடைக்கவில்லை.

“எனக்கும் தெரியாது. அதனால இனிமே வர்ற ஒவ்வொருத்தர் கால்லயும் நாம ரெண்டு பேரும் விழவேண்டியதுதான். நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் தெறப்பீங்க?”