ரெண்டாவது தடவை வந்தா மூவாயிரம்

ஒரு வீட்டை அளந்து படம் போட ஒன்பதாயிரம் ஆகுமா? திண்டுக்கல்ல ஒரு வீட்டுக்கு ஆச்சு. எப்படி ஆச்சுன்னு சொல்றேன், காதைக் குடுங்க. கடைசியில கேள்வி இருக்கு.

வீடு சூசை ஆசாரியோடது. சவப்பெட்டி செய்யிறவரு. பேரம் பேச வந்தவங்க ஆயிரம் பேரு, பெட்டியில படுத்தவங்க ஒருத்தரும் பேரம் பேசல. இப்ப அவரே பக்கவாதத்துல விழுந்துட்டாரு. பேச்சு போச்சு, வலது பக்கம் போச்சு. புத்தியும் இடது கையும்தான் மிச்சம்.

நடு அறையில கெடக்காரு. கட்டிலும் அவரு செஞ்சதுதான். நாலு பக்கமும் தரை வரைக்கும் பலகை அடைச்சிருக்கும். பெட்டி செஞ்ச கைக்குக் கட்டிலும் பெட்டியாத்தான் வரும் போல. அடியில எலி போகக்கூட வழி கிடையாது.

பார்த்துக்கிறது மக பிலோமி. கட்டிலுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவுல, தலைமாட்டுல ஸ்டூலைப் போட்டு உக்காந்து கஞ்சி ஊட்டுவா. கால் பிடிச்சுவிட அதே ஸ்டூலைக் கால்மாட்டுக்கு இழுத்தா நுழையாது, சுவரு இடிக்கும். நின்னுக்கிட்டே பிடிச்சுவிடுவா. அந்தச் சுவருக்கு அந்தாண்ட ரெண்டரை அடிச் சந்து. குழாய்க்கும் பின்னாடி அடுப்படிக்கும் அதுதான் வழி.

திருப்பூர்ல இருந்து தம்பி ஆரோக்கியம் வந்தான். "அப்பா இருக்கும்போதே பிரிச்சுக்குவோம்க்கா. முன்னாடியும் நடு அறையும் எனக்கு, சந்தும் பின்பக்கமும் உனக்கு."

அந்தப் பக்கச் சுவருதான் எல்லை. பத்திரத்துல படம் எப்படியோ, எல்லை அப்படி. மிஷின் வச்சு அளக்கிறவங்க இருபதாயிரம் கேட்டாங்க. டேப் வச்சு அளக்கிற அப்துல் காதர் ஒன்பதுன்னாரு.

"ஒன்பதா? பாய், வீட்டை அளக்கச் சொன்னேன், வெள்ளையடிக்கச் சொல்லல."

"நாலு சுவரை மட்டும் அளந்தா ரெண்டாயிரம் போதும் தம்பி. பழைய வீட்டுல நாலு சுவரும் அளவு சரியா இருக்கும், அறை மட்டும் கோணலா நிக்கும். மூலைக்கு மூலை குறுக்க டேப் பிடிச்சாத்தான் அது தெரியும். காசு அதுக்குத்தான்."

மத்தியானத்துக்குள்ள எல்லா அறையும் முடிஞ்சுது. நடு அறையில சுவரெல்லாம் அளந்தாச்சு. பத்தடி, பன்னெண்டடி, பத்து, பன்னெண்டு. குறுக்க பிடிக்கணும்னா கட்டில். அடியில போக வழியில்ல. ஆளை அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அப்ப டேப் அவரு மேலதான் போகணும்.

பிலோமி வாசப்படியை மறிச்சு நின்னா.

"வேணாம் பாய். படுத்துக் கெடந்த எத்தனை பேரு மேல அவரு டேப் பிடிச்சிருப்பாரு? அவரு மேல டேப் வந்தா என்ன நெனப்பாரு? அளவுதான் சரியா வந்துருச்சுல்ல, நேர் மூலைன்னு போட்டுருங்க."

"அதான் நானும் சொல்றேன்"னான் ஆரோக்கியம். "அக்காவும் நானும் ஒரே மாதிரி பேசி இருபது வருஷமாச்சு பாய், கெடுத்துறாதீங்க."

காதர் பாய் டேப்பைச் சுருட்டினாரு. "அளக்காததை எழுத மாட்டேம்மா. இந்த அறை பாக்கி இருக்கட்டும். ரெண்டாவது தடவை வந்தா மூவாயிரம் தனி."

"எப்ப வருவீங்க?"

"கட்டில் எடுத்தப்புறம்."

யாரும் கட்டில் பக்கம் பார்க்கல. ஆரோக்கியம்தான் முதல்ல வாயைத் திறந்தான். "மூவாயிரமெல்லாம் எதுக்கு? இருக்கிற அளவைக் குடுங்க, வேற ஆளை வச்சுக் கோட்டைப் போட்டுக்கிறோம்."

டக், டக்னு சத்தம். சூசை இடது கையால கட்டில் பலகையைத் தட்டுறாரு. கையை நீட்டுறாரு. பாய் புரியாம டேப்பை நீட்டினாரு. கெழவர் அதை வாங்கித் தன் நெஞ்சு மேல வச்சாரு. தொய்யாம விரலால அழுத்திக்கிட்டு, இழுன்னு தாடையை ஆட்டினாரு.

ஒரு குறுக்கு பதினாறடி ஒரு இஞ்சு. இன்னொண்ணு பதினஞ்சடி ஒன்றரை இஞ்சு. பிலோமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னுட்டா.

அப்புறம் கெழவர் பாயோட பென்சிலைப் பிடுங்கி, அளவு எழுதின பேப்பர் ஓரத்துல கோணக் கோணையா எழுதினாரு: 6 – 2.

"இது எந்த இடம் பெரியவரே?"

அவரு கண்ணை மூடிக்கிட்டாரு. பாய் வீடு பூரா இன்னொரு சுத்து சுத்தினாரு. ஆறுக்கு ரெண்டுல அந்த வீட்டுல ஒரு பொந்துகூட இல்ல.

பில்லு ஒன்பதாயிரம்தான் வந்துச்சு. பத்திரத்துல சூசை கைநாட்டு வச்சாரு. ஒன்பதாம் நாள் செத்துப்போனாரு.

"நெஞ்சு மேல டேப்பைப் போட்டீங்க, அளவெடுத்தாச்சுன்னு கெளம்பிட்டாரு"ன்னான் ஆரோக்கியம். பிலோமி பாயோட பேசல.

இப்பச் சொல்லுங்க. காசு மிச்சமாகட்டும்னு நேர் மூலை போடச் சொன்ன ஆரோக்கியமா, அப்பா மனசு நோகக் கூடாதுன்னு மறிச்ச பிலோமியா, அளக்காததை எழுத மாட்டேன்னு நின்ன காதர் பாயா, டேப்பை வாங்கி நெஞ்சுல வச்ச சூசையா? இதுல யாரு செஞ்சது சரி? அந்த ஆறுக்கு ரெண்டு எந்த இடத்தோட அளவு?

விடை: ஸ்டூல் தலைமாட்டுல நுழையுது, கால்மாட்டுல நுழையலைன்னா கோணல் கட்டில்லயா சுவருலயா? ஆசாரி செஞ்ச கட்டில் கோணாது. சுவரு கால்மாட்டுப் பக்கம், பின்னாடி போகப் போக ஒன்பது இஞ்சு அறைக்குள்ள சாய்ஞ்சிருக்கு. தினமும் அந்த ஸ்டூலைப் பார்த்துக்கிட்டுக் கெடந்தவருக்கு அது தெரியும். நேர் மூலைன்னு போட்டிருந்தா சந்துல அந்த ஒன்பது இஞ்சு ஆரோக்கியத்துக்குப் போயிருக்கும், இடுப்புல குடத்தோட பிலோமி அதுல நடக்க முடியாது. பாசத்துல அவளே அதை விட்டுக்குடுக்கப் பார்த்தா. கட்டில் எடுத்தப்புறம் பாயை யாரும் கூப்பிடப் போறதில்ல. பாய் பிடிவாதம் சரிதான், ஆனா அவரும் டேப்பைச் சுருட்டிட்டாரு. முடிச்சுக் குடுத்தது சூசை. ஒன்பதாயிரத்துல சேராத செலவு அவரோடது.

அவரு செத்த அன்னைக்குச் சவப்பெட்டிக் கடைக்காரர் டேப்போட வாசல்ல நின்னாரு. பிலோமி உள்ள விடல. துக்கம் விசாரிக்க வந்த காதர் பாய், சட்டைப் பையில இருந்து 6 – 2 எழுதின அந்தப் பேப்பரை எடுத்துக் கடைக்காரர் கையில குடுத்தாரு. பாய் ரெண்டாவது தடவை வந்தது அப்பதான். மூவாயிரம் கேக்கல.