எண்ணெய் அதிகமான துப்பாக்கி

"என்ற புள்ளைய இந்தத் துப்பாக்கி ஏமாத்துதுங்க மேடம்," என்றார் சென்னியப்பன்.

தாஹிரா ஏறிட்டுப் பார்த்தாள்.

கோவையில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் கோச் அவள். வயது முப்பத்து மூன்று. பேச்சு ரொம்பக் குறைவு. நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அதுவும் பாதி நேரம் வாயால் வராது.

சென்னியப்பன் அவளைவிட இருபது வயது மூத்தவர். கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் சுடுகிறவர் இல்லை. சுடுவது மகள் கோகிலா. ஆனால் துப்பாக்கிக்குத் தலைவலி என்றால் கோச்சிடம் ஓடி வருவது எப்போதும் அப்பாதான்.

"என்ன பண்ணுது?"

"சிக்கிக்குதுங்க. ரெண்டு குண்டு நல்லா போகுது. மூணாவது சுட்டா காலி ஓடு வெளிய வராம நடுவுல நின்னுக்குது."

தாஹிரா கையை நீட்டினாள். அவர் பெட்டியோடு கொடுத்தார்.

"விலை கம்மியானதா பார்த்து வாங்கிக் குடுத்துட்டனுங்க. பக்கத்துல நிக்கற புள்ளைங்க எல்லாம் ஜெர்மன் பிஸ்டல் வெச்சிருக்குதுங்க. அதுக பாட்டுக்கு டப்பு டப்புன்னு சுட்டுட்டுப் போகுதுங்க. என்ற புள்ள மட்டும்…"



தாஹிரா பெட்டியைத் திறந்தாள்.

"இதுதான் கடைசி வருசமுங்க. படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போயிருவா. இந்த மாசம் மாநிலப் போட்டிக்குத் தேறலைன்னா அவ்வளவுதான். அவ திறமை இல்லாம தோத்தா பரவால்லீங்க. அப்பன் வாங்கிக் குடுத்த துப்பாக்கியால தோத்தான்னா, நான் எப்படிங்க அவ மூஞ்சியப் பாக்கறது?"

அதுதான் அவருடைய துக்கம். ஜெர்மன் பிஸ்டல் எல்லாம் சும்மா.

தாஹிரா தோட்டாக்களை அடுக்கும் மேகசினை உருவினாள். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடை இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தாள். பிறகு சுண்டு விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள்.

விரலில் கருப்பாக ஏதோ அப்பியிருந்தது.

அதை அவள் துணியில் துடைக்கவில்லை. சென்னியப்பனின் வெள்ளைச் சட்டைப் பையின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"அய்யோ! என்னங்க மேடம்!"

"மோந்து பாருங்க."

அவர் சட்டையை இழுத்து மோந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் எண்ணெய் வாசத்தில் கிடந்த மூக்கு அது. முகம் மாறிவிட்டது.

"இது என்ற பட்டறை எண்ணெய்ங்க."

"எப்ப போடறீங்க?"

"தினமுங்க."

"அவ சுடாத நாள்ல?"

"அன்னைக்கு இன்னும் கொஞ்சம் சேத்தியே விடுவனுங்க. சும்மாதான கெடக்குதுன்னு."

தாஹிரா சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த மாதிரித் துப்பாக்கியில் போடுவது சின்னத் தோட்டா. குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். சுட்டால் நிறையக் கரி கக்கும். கரியும் மெழுகும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு பட்டறைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உங்ககிட்ட வர்ற மோட்டாருக்கு இப்படி ஊத்துவீங்களா சார்?"

"மாட்டனுங்க. அழுக்குப் புடிச்சுக்கும்."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன்?"

சென்னியப்பன் சட்டைக் கோட்டைத் தடவினார். தடவத் தடவ அது அகலமாகிக்கொண்டே போனது.

"மோட்டார் ஊர்க்காரங்களுதுங்க," என்றார். "இது புள்ளையோடதுங்க."

தாஹிரா ஒரு கை பனியன் வேஸ்ட் துணியை எடுத்தாள். துப்பாக்கியைப் பிரித்து ஒவ்வொரு பாகமாகத் துடைத்தாள். துணி கருத்தது. இன்னொரு துணி எடுத்தாள். அதுவும் கருத்தது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில், ஸ்லைடு ஓடும் தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தாள்.

"அவ்வளவுதாங்களா?"

"அவ்வளவுதான். சுட்டு முடிச்சதும் கரியைத் துடைக்கணும். இந்த எடத்துல ஒரு சொட்டு. அதையும் கோகிலாவே பண்ணட்டும்."

"அப்ப நான்?"

"நீங்க டீ குடிங்க."

*

சென்னியப்பன் டீ குடித்தார். நிறையவே குடித்தார்.

துப்பாக்கி ஒரு வாரம் சிக்கவே இல்லை.

அப்புறம் சிக்கியது.

இந்த முறை அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். கோகிலா மேகசினை மேசை மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் அது ஒரு குதி குதித்தது.

"நீங்களே கேளுங்க மேடம்," என்றாள்.

"எண்ணெய் விடலீங்க," என்றார் சென்னியப்பன், யாரும் கேட்பதற்கு முன்னால். "சத்தியமா ஒரு சொட்டு விடலை."

தாஹிரா மேகசினை வெளிச்சத்தில் திருப்பினாள். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதடு இரண்டு பக்கமும் உள்ளே மடங்கியிருந்தது. தகட்டில் வரிவரியாகப் பல் பதிந்திருந்தது.

"இது?"

"வாய் கொஞ்சம் அகலமாத் தெரிஞ்சுதுங்க. தோட்டா ஆடற மாதிரி இருந்துச்சு. அதான் நோஸ் பிளையர்ல ஒரு சின்ன…"

"அகலமா இருக்குன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. தோணுச்சு."

கோகிலாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கப்பா, நல்லா ஓடிட்டிருந்துச்சு! ஒரு வாரமா ஒரு தடவைகூட சிக்கலை. நல்லா ஓடறத எதுக்கு நோண்டறீங்க?"

சென்னியப்பன் தலை குனிந்தார்.

"நல்லா ஓடறப்பதான் சாமி, பயமா இருக்குது."



தாஹிரா எழுந்து அலமாரியைத் திறந்தாள். கிளப்பில் அதே மாதிரித் துப்பாக்கிக்கு வாங்கி வைத்திருந்த மேகசின் ஒன்று இருந்தது. அதைக் கோகிலாவிடம் கொடுத்தாள். நசுங்கிய மேகசினை எடுத்து சென்னியப்பனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"இது உங்களுக்கு."

"எனக்கா? எதுக்குங்க?"

"இதை எவ்வளவு வேணும்னாலும் நோண்டுங்க."

திட்டுகிறாளா, பரிசு தருகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார்," என்றாள் தாஹிரா. "போட்டியில துப்பாக்கி சிக்கினா கோகிலா என்ன பண்ணணும்?"

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. "சரி பண்ணணுமுங்க. ஸ்லைடைப் புடிச்சு ஒரு இழு இழுத்து—"

"கை வெச்சா போச்சு. துப்பாக்கியில கோளாறுன்னு அப்புறம் சொல்ல முடியாது."

"அப்புறம்?"

"துப்பாக்கியை டார்கெட் பக்கமே நீட்டிப் புடிச்சுட்டு, இடது கையை மேல தூக்கிட்டு நிக்கணும். அதிகாரி வந்து பார்ப்பாரு. அவ மேல தப்பில்லைன்னா மறுபடி சுட விடுவாரு."

"அதுவரைக்கும்?"

"நிக்கணும்."

சென்னியப்பனால் இதை விழுங்க முடியவில்லை. கண்ணெதிரே ஒரு மிஷின் நின்றுபோயிருக்கிறது. கை சும்மா இருக்கிறது. அதை ஆகாசத்தில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதாம்.

"கையைத் தூக்கிட்டு நின்னா மிஷின் சரியாயிருமுங்களா?"

தாஹிரா கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா இடது கையைத் தூக்கினாள்.

தாஹிரா திரும்பி, நீங்களும் தூக்குங்க என்பது போல அவரைப் பார்த்தாள்.

"நான் எதுக்குங்க?" என்று சிரித்துவிட்டு சென்னியப்பன் வெளியே போய்விட்டார்.

*

அந்த மேகசினை அவர் விடவில்லை. பட்டறையில் வேலை ஓய்ந்தபோதெல்லாம் நிமிர்த்தினார். கொஞ்சம் அதிகமாக நிமிர்ந்துவிட்டது என்று மறுபடி மடக்கினார். அப்புறம் மறுபடி நிமிர்த்தினார்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பக்க உதடு கையோடு ஒடிந்து வந்துவிட்டது.

சென்னியப்பன் பிளையரைக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து கூப்பிடும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

தேர்வுப் போட்டி நாள்.

சுடுகிறவர்களுக்குப் பின்னால், கயிறு கட்டி, நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சென்னியப்பன் தாஹிராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பையில் அந்த ஒடிந்த மேகசின் இருந்தது. வலது கை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

கோகிலா நன்றாகச் சுட்டாள். துப்பாக்கி ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசிச் சுற்று வந்தது. இதில் கொஞ்சம் சொதப்பினாலும் தேற முடியாது என்று பின்னால் யாரோ பேசிக்கொண்டார்கள்.

முதல் குண்டு. இரண்டாவது குண்டு.

மூன்றாவதற்கு விசையை அழுத்தினாள். டிக் என்றது. வேறு சத்தம் இல்லை.

சென்னியப்பன் எழுந்துவிட்டார்.

"ஸ்லைடை" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கயிற்றைத் தாண்டினால் பத்தடி. ஒரே இழு. அவருக்குத் தெரியும், அவர் கைக்குத் தெரியும்.

அங்கே கோகிலாவின் இடது கை தானாகத் துப்பாக்கியை நோக்கிப் போனது. அது அப்பாவின் கை. எதையும் ஒரு தரம் திருகிப் பார்க்காமல் இருக்காத கை. பிறந்ததிலிருந்து கூடவே வந்தது.

கடைசி நொடியில் அது நின்றது.

ஸ்லைடைத் தொட ஒரு விரல் தூரம்கூட இல்லை. 

அந்தக் கை மேலே போனது. தலைக்கு மேலே போய் நின்றது.

அதிகாரி வந்தார். கல்யாணப் பந்தியில் இலைகளுக்கு நடுவே நடப்பவர் போல நிதானமாக வந்தார். மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கோகிலா துப்பாக்கியை நீட்டியபடி, கையைத் தூக்கியபடி, அசையாமல் நின்றாள்.

"அண்ணா, மறைக்குதுங்க," என்றது பின்னால் ஒரு குரல்.

சென்னியப்பன் காதில் அது விழவில்லை.

அதிகாரி துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். ஸ்லைடை இழுத்தார். சுடாத தோட்டா ஒன்று வெளியே விழுந்தது. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் ஊசி அடித்த பள்ளம் தெளிவாக இருந்தது.

"தோட்டாதான் சார்," என்றாள் தாஹிரா, சென்னியப்பனிடம் மெல்ல. "துப்பாக்கி சரியாத்தான் அடிச்சிருக்கு. விளிம்புல அந்த எடத்துல பத்தவைக்கற மருந்து இல்ல."

"அது யாரு தப்புங்க?"

"யாரு தப்பும் இல்ல. எப்பவாவது ஒண்ணு அப்படி வரும்."

சென்னியப்பன் இதுவரை இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. அவர் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு எரிந்துபோன மோட்டாருக்கும் குற்றவாளி ஒருவர் இருப்பார். கோகிலா தோற்றுவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் அந்தக் குற்றவாளி யார் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. வேறு யார், அவர்தான்.

எண்ணெய் காரணமில்லை. பிளையர் காரணமில்லை. விலையும் காரணமில்லை. யாருடைய தப்பும் இல்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அதிகாரி தலையசைத்தார். கோகிலா கையை இறக்கினாள். சுற்றை முடிக்க அவளுக்கு நேரம் கொடுத்தார்கள். அவள் வேறொரு தோட்டாவைப் போட்டாள். மூச்சை இழுத்தாள்.

மூன்றாவது குண்டு போனது. நான்காவது போனது. ஐந்தாவதும் போனது. காலி ஓடுகள் ஒவ்வொன்றாகத் துள்ளி வந்து தரையில் விழுந்து உருண்டன.

திரையில் எண் வந்தது. கிளப் பெண்கள் கூச்சலிட்டார்கள். மயிரிழையில்தான், ஆனால் தேறிவிட்டாள்.

கோகிலா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் அழப்போகிறவள் போல முகம் கோணியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

எதற்குச் சிரிக்கிறாள் என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. அவளோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

தாஹிரா அவர் முழங்கையைத் தொட்டாள்.

"சார்," என்றாள். "இப்ப இடது கையை இறக்கலாம்."