பழைய வாசல் மண்

ஒரு காட்டில், மலைச்சரிவில், இருவாச்சிப் பறவை ஜோடி ஒன்று குடித்தனம் நடத்தியது. புருஷன் கொண்டையன். பெண்டாட்டி அலகாயி.

இருவாச்சி வழக்கம் உங்களுக்குத் தெரியாது, கேளுங்கள். முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விடும். குஞ்சு வளரும்வரை ஆண் அந்தக் கீறல் வழியாகத்தான் பழம் ஊட்டும். ஊட்டாவிட்டால் உள்ளே பட்டினிச் சாவு.

அந்த வருஷமும் அலகாயி கிழட்டு மருத மரத்துக்கே போனாள்.

கொண்டையனுக்குப் புதுசு என்றால் உயிர். "அடியே, வேங்கை மரத்தில் ஒரு புதுப்பொந்து பார்த்தேன். வழவழ என்று இருக்கிறது. இது பூஞ்சை நாற்றம் அடிக்குது."

"என் அம்மா என்னைப் பொரித்த பொந்து இது. நாறினால் அலகைப் பொத்திக்கொள்ளுங்க."

"பொத்திக்கொண்டால் உனக்குப் பழம் எப்படிக் கொண்டுவருவதாம்?"

பக்கத்துக் கிளையில் மலையணில் தூக்கம் கெட்டு எழுந்தது. "ஏ அலகாயி! உள்ளே போய் ஒரு பழம் வாங்கித் தின்று பார். அப்புறம் கத்து."

அலகாயி உள்ளே இறங்கினாள். கொண்டையன் வாசலில் அத்திப்பழம் நீட்டினான்.

எட்டவில்லை. கழுத்தை நீட்டினாள். எம்பினாள். எட்டவில்லை. பொந்தின் அடி உளுத்து, ஆழமாய் இறங்கிவிட்டிருந்தது.

"போன வருஷம் எட்டியதே..." என்றாள் உள்ளிருந்து.

கொண்டையனுக்குக் கேலி வரவில்லை. "மேலே ஏறி வா" என்றான், மெதுவாக.

வேங்கை மரத்துப் பொந்துக்குள் இறங்கிப் பார்த்தாள்; அலகு எட்டியது. அலகு மட்டுமா? கழுத்தும் தோளும் சேர்ந்து வெளியே வந்தன.

"இவ்வளவு பெரிய வாசலா? மரநாய் நுழையுமே! அடைக்க மண் எங்கே? மழையில்லாமல் ஓடைக்கரை பாளம் பாளமாய் வெடித்துக் கல்லாய் இறுகிக் கிடக்குதே!"

வழவழப்பைப் பார்த்த கொண்டையன் வாசலைப் பார்க்கவில்லை.

அலகாயி மருத மரத்துக்குப் பறந்தாள். பழைய வாசலின் ஓரத்தில் அம்மா பூசிய மண்ணும், அவள் பூசிய மண்ணும் காய்ந்து ஒட்டியிருந்தன. அதைக் கொத்திப் பெயர்த்தாள்.

இருவரும் அதை வேங்கை மரத்துக்குச் சுமந்தார்கள். அத்திப்பழத்தை மென்று மண்ணோடு குழைத்துப் பூசினார்கள். அலகாயி உள்ளே இருக்க, வாசல் அடைபட்டது. கீறல் வழியாக ஓர் அலகு வெளியே வந்தது.

"எட்டுதா?" கொண்டையன் பழத்தை வைத்தான்.

"எட்டுது. அம்மா வாசமும் அடிக்குது. நிற்காதீங்க, இன்னொன்று கொண்டு வாங்க."

நீதி: புதியதற்குப் போகலாம்; அதில் இல்லாததைப் பழையதிலிருந்து எடுத்துக்கொண்டு போ.