வைக்கோல் கயிறு கட்டிய பூனை

ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தான். அவனுக்கும் இந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவனை அரண்மனையிலேயே விட்டுவிடுவோம். அதே ஊரில், ஆற்றங்கரையில், நெல் அவிக்கிற சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். கதை அவளுடையது. கேளுங்கள்.

பெரிய அண்டாவில் நெல்லை அவிப்பாள். களத்தில் கொட்டிக் காலால் துழாவிக் காயவைப்பாள். அடுப்புக்கு உமிதான். உமி எரிந்த சாம்பல் மறுநாள் வரைக்கும் கதகதவென்று இருக்கும். அந்தச் சூட்டைத் தேடி ஊரில் உள்ள நோய்ப் பூனை எல்லாம் அவள் களத்துக்கு வந்து விழும்.

பீளை கட்டிக் கண் ஒட்டிப்போனது வரும். சொறி பிடித்து முடி கொட்டியது வரும். வண்டிச் சக்கரம் ஏறியது இடுப்பை இழுத்துக்கொண்டு வரும். வர முடியாததை அவளே போய்த் தூக்கி வருவாள். வெந்நீரில் கண் கழுவுவாள். விளக்குத் திரியைப் பாலில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விடுவாள். கடி வாங்குவாள், கீறல் வாங்குவாள், திட்டுவாள், மறுபடி பால் விடுவாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயோடு வருகிற பூனையின் கழுத்தில், மூன்று புரி வைக்கோலை முறுக்கி ஒரு கயிறு கட்டுவாள். கயிறு இருந்தால் அது நோய்ப் பூனை, அடிக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. ஊருக்கே தெரியும். தேறினதும் அரிவாளால் கயிற்றை அறுத்துவிடுவாள். கயிறு போன பூனையை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். எலி இல்லாத வீடு எது? கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவாள்.

பிழைக்காததும் உண்டு. அதை நெல் புடைக்கிற சுளகில் கிடத்தி, களத்துக் கோடியில் பூவரச மரத்தடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவாள்.

வெயில் உச்சிக்கு ஏறும்போது, ஒருத்தி மூடு கூடையோடு வருவாள். கூடைக்காரி. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. முகத்தை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. ஈர நெல்லின் மேல்தான் நடந்து வருவாள், நெல்லில் ஒரு தடம் விழாது. கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சுளகு காலியாக இருக்கும்.

சடைச்சி அவளைக் கண்டு பயந்ததில்லை. "அவ வேலை அவளுக்கு, என் வேலை எனக்கு" என்பாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு ஐப்பசி மழையில் மஞ்சள் பூனை ஒன்று வந்தது. வந்தது என்றா சொன்னேன்? வாய்க்காலில் மிதந்தது. சடைச்சி தூக்கினாள். "என்ன இப்படித் துரும்பு மாதிரி இருக்கே" என்றாள். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. அவள் எந்தப் பூனைக்கும் பேர் வைக்கிறவள் இல்லை. இது துரும்பு ஆகிவிட்டது.

நாற்பது நாள் மடியிலேயே வைத்துப் பார்த்தாள். ஒற்றையாள் அவள். சோறு தின்னும்போது எதிரே யாரும் உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. துரும்பு எதிரே உட்கார்ந்தது. அவள் பேசினால் காதைத் திருப்பியது. வேறு என்ன வேண்டும்?

தை பிறந்தது. துரும்பு நன்றாகத் தேறிவிட்டது. நெல் குவியல் மேல் ஒரே தாவாகத் தாவியது, பெருச்சாளியைப் பிடித்தது. ஒருநாள் காலையில் தன் கழுத்துக் கயிற்றைத் தானே கடித்துத் துப்பிவிட்டு, சாம்பலில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

சடைச்சி பார்த்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். புதிதாக ஒரு கயிறு முறுக்கி மறுபடி கட்டிவிட்டாள்.

கொடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான். இதற்கு மேல் காரணம் தேடாதீர்கள்.

முதலில் வந்தவர் நெல் களஞ்சியம் வைத்திருந்த அம்பலவாணர்.

"சடைச்சி, அந்த மஞ்சப் பூனையக் குடு. விதை நெல்லு மூட்டையை எலி பூரா ஓட்டை போட்டுடுச்சு."

"அதுக்கு உடம்பு சரியில்லீங்க ஐயா. கயிறு கிடக்கு பாருங்க."

"உடம்பு சரியில்லாத பூனையா அண்டா விளிம்புல ஏறி உக்காந்திருக்கு?"

"சூட்டுக்கு ஏறியிருக்குங்க."

அம்பலவாணர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அன்று சாயங்காலம் பூனைகள் சாம்பலில் நடந்தன. எல்லாப் பூனையின் தடமும் இருந்தது. துரும்பின் தடம் இல்லை. சடைச்சி சாம்பலைக் கையால் நிரவிவிட்டு, துரும்பைத் தூக்கி நடுவில் விட்டாள். அது நடந்து வெளியே போனது. சாம்பல் நிரவினது நிரவினபடியே கிடந்தது.

காற்று அழித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். காற்றே அடிக்கவில்லை.

துரும்பு கயிற்றை மறுபடி கடித்து எறிந்தது. சடைச்சி மறுபடி கட்டினாள். இரண்டாவதாக வந்தவர் ஏடு எழுதுகிற தாண்டவராயர். பூனையைக் கண்டதும் தரையில் உட்கார்ந்து எழுத்தாணியை உருட்டிவிட்டார். துரும்பு அதைத் துரத்தி விளையாடியது.

"இதைத் தாயேன்மா. பத்து நாள் உக்காந்து எழுதினதை எலி ஒரு வாய்ல தின்னுட்டுப் போகுது."

"இருமுதுங்க. ராவெல்லாம் இருமுது. பொழைக்கிறதே சந்தேகம்."

அவர் எழுத்தாணியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வெயிலில் பூனைகள் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிழல் படுத்துக் கிடந்தது. துரும்பின் பக்கத்தில் வெறும் வெயில்.

சடைச்சி அதைப் பார்த்தாள். என்ன செய்தாள் தெரியுமா? யார் கண்ணிலும் படக் கூடாது என்று பூனையைத் தூக்கிக் கூரைக்கு அடியில் பரணில் விட்டாள். கயிற்றை மட்டும் அறுக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவள் மாரக்காள். நாற்று நடப் போகிறவள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. குழந்தையின் கால் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது.

"அக்கா, எலி தொட்டில்ல ஏறிக் கடிச்சிருக்குக்கா. நான் இந்தப் பக்கம் அடுப்புகிட்ட நிக்கிறேன், புள்ள அந்தப் பக்கம் வீல்னு கத்துது. இன்னைக்கு விரலு. நாளைக்கு என்னத்தக் கடிக்கும்?"

அவள் பேசிக்கொண்டு இருக்கும்போதே துரும்பு இறங்கி வந்தது. குழந்தையின் காலை மோந்தது. மாரக்காளின் பாதத்தின் மேல் படுத்துவிட்டது.

"அதுக்கு நோய்" என்றாள் சடைச்சி.

"நோய்னாலும் பரவாயில்லக்கா. நீங்க பாக்கிற மாதிரி நானும் பாத்துக்கிறேன்."

"புள்ள இருக்கிற வீட்டுக்கு நோய்ப் பூனையா? புத்தி இருக்கா உனக்கு? நாளைக்குப் புள்ளைக்கு ஒட்டிக்கிச்சின்னா ஊரு என்னையில்ல பேசும்!"

மாரக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். சடைச்சி துரும்பை வாரி எடுத்தாள். எடுத்த கை தானாக மேலே போனது. எடையே இல்லை. உமியை அள்ளின மாதிரி இருந்தது. துரும்பு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. கூடைக்காரி வந்தாள்.

பூவரச மரத்துக்குப் போகவில்லை. நேராக அடுப்புக்கு வந்தாள். முதல் முறையாகப் பேசினாள். காய்ந்த நெல்லைக் கொட்டுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"குடு."

"இன்னைக்கு எதுவும் சாகலையே. சுளகு வைக்கலையே நான்."

"மூணு பேருகிட்ட நோய்னு சொன்னே, பொழைக்காதுன்னும் சொன்னே. கயிறும் நீதான் கட்டினே. நான் கயிறு பாத்து எடுக்கிறவ."

"அது பொய்! நல்லாத்தான் இருக்கு!"

"நல்லா இருந்தா உன்னுது இல்ல. பொழைக்காத நோயா இருந்தா என்னுது. எதுன்னு சொல்லு."

சடைச்சி அரிவாளை எடுத்துக் கயிற்றில் வைத்து இழுத்தாள். இரும்பில் இழுத்த மாதிரி கிரீச்சென்றது. வைக்கோலில் ஒரு இழைகூட அறவில்லை. கூடைக்காரி மூடியைத் திறந்தாள். உள்ளே அடி தெரியவில்லை.

சாம்பலில் ஒரு சாம்பல் நிறக் குட்டி கிடந்தது. நேற்று வந்தது, உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. இதைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் என்ன, எப்படியும் போகப் போகிறதுதானே என்று சடைச்சிக்குத் தோன்றியது. கை அந்தப் பக்கம் நீண்டதும் உண்மை. முகம் சுளிக்காதீர்கள், உங்களுக்கும் தோன்றியிருக்கும். குட்டி கண்ணைத் திறக்காமலே அவள் விரலைச் சப்பியது, பால் திரி என்று நினைத்து.

சடைச்சி கையை இழுத்துக்கொண்டாள். துரும்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. கூடை மட்டும் கறக், கறக் என்றது. அவள் வேகமாக ஓடினாலும் அதே தூரம். நின்று மூச்சு வாங்கினாலும் அதே தூரம்.

அம்பலவாணர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஐயா, நான் பொய் சொன்னேன். பூனை அன்னைக்கே நல்லா இருந்துச்சு."

"இப்ப வந்து சொல்லு! ரெண்டு மூட்டை விதை நெல்லு போச்சு. உன் பொய்யையா வயல்ல விதைக்கிறது?"

கழுத்துக் கயிற்றில் ஒரு புரி பட்டென்று அறுந்தது. அம்பலவாணர் பூனையைப் பார்த்தார், தெருவில் விழுந்த நிழலைப் பார்த்தார். பூனை இருக்க வேண்டிய இடத்தில் சடைச்சியின் வெறுங்கை நிழல் மட்டும் இருந்தது. "எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ!" என்று கதவைச் சாத்தினார்.

கறக், கறக்.

தாண்டவராயர் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஐயா, நான் பொய் சொன்னேன். அது இருமவே இல்ல."

அவர் சிரித்தார். "தெரியும்மா. சாகப்போற பூனை எழுத்தாணியத் துரத்துமா? தர மனசில்லன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேனே."

இரண்டாவது புரி அறுந்தது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "உனக்குப் பின்னாடி நிக்கிறது யாரும்மா?"

"பாக்காதீங்க. உள்ள போங்க."

கறக், கறக்.

மாரக்காளின் குடிசை ஊர்க் கடைசியில். அவள் கையில் விளக்குமாறோடு தொட்டிலுக்குக் காவல் உட்கார்ந்திருந்தாள். தூங்காத கண் சிவந்திருந்தது. அன்று நடவுக்கும் போகவில்லை.

"புள்ள, நான் பொய் சொன்னேன். இதுக்கு ஒரு நோயும் இல்ல. உன் குழந்தை காலைப் பாத்த பிறகும் பொய் சொன்னேன். இது இல்லாம என்னால இருக்க முடியாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

மூன்றாவது புரி அறவில்லை.

கூடைச் சத்தம் நின்றது. காதுக்குப் பக்கத்தில் நின்றது. திறந்த கூடையின் குளிர் பிடரியில் பட்டது.

"சொல்லிட்டேனே!" என்று சடைச்சி கத்தினாள். "உள்ளதச் சொல்லிட்டேனே, இன்னும் என்ன?"

மாரக்காள் பின்னால் நின்றதைப் பார்க்கவில்லை. சடைச்சியின் கையைத்தான் பார்த்தாள். துரும்பைச் சுற்றிப் பத்து விரலும் இறுகியிருந்தன.

"அக்கா" என்றாள். "கைய எடுங்க."

சடைச்சி குனிந்து பூனையைத் தரையில் வைத்தாள். ஒரு கையை எடுத்தாள். மறு கை வரவில்லை. சுண்டு விரலை எடுத்தாள், மோதிர விரலை எடுத்தாள். கடைசியில் எல்லா விரலையும் எடுத்தாள்.

கயிறு கழன்று தரையில் விழுந்தது. பின்னால் கூடை மூடி தொப்பென்று மூடிக்கொண்டது.

துரும்பு தொட்டிலுக்குக் கீழே தாவியது. தாவி விழுந்த சத்தம் கேட்டது. அதோடு அதன் நிழலும் தாவியது. அங்கே படுத்துக்கொண்டு கர் கர்ரென்று ஆரம்பித்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. அது சடைச்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பூனை அப்படித்தான்.

சடைச்சி தனியாகக் களத்துக்கு நடந்தாள். அழுதாளா என்றால், அழுதாள். களத்தில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. சாம்பல் குட்டியும் இருந்தது. அவள் திரியைப் பாலில் நனைத்தாள்.

அது பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது. மாசி முடியும்போது தன் கயிற்றைத் தானே கடித்து அறுத்தது. சடைச்சி அறுந்த கயிற்றைப் பொறுக்கி அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடிகிற வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டவராயர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கூடைக்காரி அதற்குப் பிறகும் உச்சிப் பொழுதில் வந்தாள், தடம் விழாமல் நடந்தாள். அண்டாவைப் பார்க்க மாட்டாள், சடைச்சியைப் பார்க்க மாட்டாள். பூனைகளின் கழுத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவாள்.

இந்தக் கதை சொல்கிற நீதி இதுதான்: நோயில் கிடந்ததைத் தூக்கிக் காப்பாற்றுகிறவர் அது தேறினதும் கையை விரித்துக் கொடுத்துவிட வேண்டும், விரிக்காத கை தான் காப்பாற்றினதையே கொன்றுவிடும்.